கரையும் உப்பு

மரக்காணத்து உப்பளங்களில் கோடைக் காலையில் ஆண்களும் பெண்களும் பாத்தியில் நின்று, பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிக்கின்றனர். வெண்மையான அக்குவியல் கண்ணைக் கூசச் செய்கிறது. அதே உப்பு நம் வீட்டுக் குழம்பில் விழுந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை, நாவுக்கே தெரிகிறது. நாம் கண்ட ஓர் ஆங்கிலத் திரைப்படம் இவ்வுண்மையை நினைவூட்டியது.

'எரிக் தி வைக்கிங்' என்பது அதன் பெயர். டெர்ரி ஜோன்ஸ் எழுதி இயக்க, 1989இல் வெளிவந்தது. வைக்கிங்குகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்வே, டென்மார்க், சுவீடன் பகுதிகளிலிருந்து கப்பலேறிச் சென்று, கரையோர ஊர்களையும் துறவு மடங்களையும் சூறையாடிய கடலோடிகள். அவர்தம் தேவர் கதைகளை நகைச்சுவையாக்கிய படம் இது. எமலோகத்தைக் கேலிக் களமாக்கிய 'யமனுக்கு யமன்' (1980), 'அதிசயப் பிறவி' (1990) ஆகியவற்றைக் கண்டு சிரித்த நம்மவர்க்கு இவ்வகை புதிதன்று.

ஓநாயொன்று கதிரவனை விழுங்கிவிட, உலகம் இருளிலும் போரிலும் உழல்கிறது. கொள்ளைக்குச் சென்ற இடத்தில் தன் வாளால் மாண்ட பெண்ணை மறக்கவியலாத எரிக், போருக்கு முடிவு வேண்டித் தேவர்களைத் தேடிப் புறப்படுகிறான். ஹெரால்டு என்னும் கிறிஸ்தவ வேதபோதகரும் உடன் செல்கிறார். அவர் போதனை அம்மக்களிடம் பலிக்கவில்லை. மற்றவர் காணும் தேவருலகம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. ஆதலால் நகைப்புக்கு இடமாகிறார்.

நம் மறையை இகழ்கின்றனரே என்று வருந்துமுன் முடிவையும் காண்போம். தேவர்களோ சிறுபிள்ளைகளாய் இருக்கின்றனர். மனிதர் ஒருவரையொருவர் நேசிப்பதும் வெறுப்பதும் தம் செயலன்று என்று கைவிரிக்கின்றனர். எரிக்கும் தோழரும் பாதாளத்தில் விழப்போகும் வேளையில், அம்மண்டபத்தையே காணாத ஹெரால்டு, அதன் சுவரை ஊடுருவி நடந்து கப்பலை அடைந்து, மந்திரக் கொம்பை ஊதுகிறார். அவ்வொலியால் அனைவரும் தம் ஊர் சேர்கின்றனர்.

சொல்லால் எவரையும் வெல்லாத மனிதர் அவர். தோழரின் நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அவர்களை விட்டு விலகவுமில்லை. அவர்களோடு ஒரே கப்பலில் அலைபட்டார், ஆபத்தில் உதவினார்.

பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. நம் அண்டை வீட்டார் பலர் பிற சமயத்தார். அவர்தம் வழிபாட்டை நம் பிள்ளைகள் கேலி பேசும்போது நாம் வாளாவிருக்கிறோமா? அவ்வீட்டில் நோயோ சாவோ நேர்ந்தால் முதலில் செல்வோர் நாமா?

இப்படத்தின் தொடக்கக் காட்சி சிறுவர்க்கு ஏற்றதன்று. பெற்றோர் மட்டும் காண்க.

ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். கரையில் குவிந்து கிடக்கும்வரை உப்பு எவர்க்கும் சுவை தருவதில்லை. கரைந்தால்தான் பயன்.