எறிவதா? செப்பனிடுவதா?

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பர் நம் முன்னோர். பல் குத்த மட்டுமன்று, ஓர் அலமாரியைத் தாங்கவும் துரும்பு உதவும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கண்டோம். அதுவும் நம் சிவகாசியின் துரும்பு, தீக்குச்சி!

எங்கள் வகுப்பு நூலகத்தில் ஓர் அலமாரி உண்டு. அட்டைப் பெட்டியில் தனித்தனிப் பலகைகளாக வந்து, திருப்புளியால் பூட்டி நிறுத்தப்படும் இக்கால அலமாரி. ஒரு நாள் அதை இடம் மாற்றும்போது ஒரு மூலை தரையில் இடித்துச் சில்லாகப் பெயர்ந்தது. நடுத்தட்டின் ஓரத்தில் மயிரிழை போல் விரிசல் கண்டது. ஒரு ஸ்க்ரூ ஓட்டையை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. "பழைய சாமானுக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்றனர் பலர். "ஆசாரியைக் கூப்பிடுங்கள்" என்றனர் சிலர். "நீங்களே சரி செய்யுங்களேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் அப்பலகை யாதென அறிவோம். அது முழு மரமன்று. மரச்சீவலையும் தூளையும் பிசினுடன் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த 'பார்ட்டிக்கிள் போர்டு'. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நல்ல மரம் கிடைப்பது அரிதாயிருந்த ஜெர்மனியில் இது தொழிலாக வளர்ந்தது. அச்சுத் தொழிலால் பேர் பெற்ற ஊரினராகிய நமக்கு வேடிக்கையான செய்தி ஒன்றும் உண்டு: நாம் மரம் என்று தடவிப் பார்க்கும் மேற்புறம், பெரும்பாலும் மரவரி அச்சிட்ட தாளே! பலகைகளைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கி விற்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது ஸ்வீடன் நாட்டின் ஐக்கியா நிறுவனம். 2018இல் ஐதராபாத்தில் அதன் முதல் இந்தியக் கடை திறக்கப்பட்டது. இன்று அத்தகைய அலமாரி நம் தெருவுக்கே வந்துவிட்டது. ஆனால் அதைப் பழுது பார்க்கும் அறிவு பெட்டிக்குள் வருவதில்லை.

இப்பலகை மரக்கழிவையும் பயனாக்குவது நன்மை. நீண்ட நார் இல்லாமையால், ஸ்க்ரூ ஒருமுறை தளர்ந்தால் மீண்டும் பிடிக்காதது குறை. அக்குறைக்குத்தான் தீக்குச்சி மருந்தாயிற்று. மருந்து தோய்க்காத மரக்குச்சிகள் நான்கைந்தை ஃபெவிகாலில் நனைத்து ஓட்டையில் இறுகச் செருகினோம். (மெழுகுக் குச்சி ஆகாது; பசை அதில் பிடிக்காது.) ஓர் இரவு காயவிட்டு, வெளியே நீண்டதை வெட்டிவிட்டு, அதே ஸ்க்ரூவை நடுவில் முறுக்கினோம். தூளைப் பற்ற முடியாத ஸ்க்ரூ, நாருள்ள குச்சியைக் கவ்விப் பிடித்தது!

பெயர்ந்த மூலையில் தளர்ந்த துகள்களைச் சுரண்டி நீக்கினோம். மரத்தூளையும் ஃபெவிகாலையும் களிம்பாகக் குழைத்துச் சற்று மேடாக அப்பினோம். காய்ந்தபின், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வெளி முற்றத்தில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தோம். ஏறத்தாழ அதே நிறப் பெயின்ட்டைத் தொட்டுப் பூசினோம். விரிசலுக்குள் பசை செலுத்தி, இருபுறமும் கட்டை வைத்து, கிளாம்பால் ஒரு நாள் இறுக்கி வைத்தோம். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே பாலிதீன் தாள் வைக்க மறந்தால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இது பட்டறிந்த பாடம்! கூர்ந்து நோக்கினால் தழும்பு தெரியும். தெரியட்டுமே! அது எங்கள் கைகளின் கையொப்பம்.

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று நாங்கள் வாதாட வரவில்லை. நீர் ஊறி உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. சுமை தாங்கும் தட்டு நடுவில் முறிந்தால் பசை போதாது. அந்த ஒரு தட்டை மட்டும் மாற்றலாம், முழு அலமாரியையும் எறிய வேண்டியதில்லை. ஒட்டிய தட்டில் நாங்கள் கனத்த அகராதிகளை வைக்காமல் நோட்டுகளையே வைத்திருக்கிறோம். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் கட்டாயம். 2016இல் அமெரிக்காவில், குழந்தைகள்மேல் சாய்ந்து உயிர் குடித்த காரணத்தால் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகள் திரும்பப் பெறப்பட்டன. 'பரவாயில்லை, தாங்கும்' என்னும் அலட்சியம் என்ன விலை கேட்கும் என்பதை நம் ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

"படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். அக்கேள்வியின் பின்னுள்ள அன்பை நாங்கள் அறிவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து, 1923இல் இங்குத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அது பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆனால் பள்ளி செல்ல வேண்டிய வயதில் நம் பாட்டிமார் பலர் பெட்டி ஒட்டினர் என்பதும் உண்மை. 1996இல் சிவகாசி பற்றிய வழக்கிலேயே, குழந்தை உழைப்பை ஒழிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நம் கைகளில் புத்தகம் இருப்பது பலர் பட்ட பாட்டின் பலன். ஆயினும், கட்டாய வேலையிலிருந்து விடுபட்ட கைகள் வேலையையே அறியாத கைகளாகிவிடலாமா? பசையும் குச்சியும் பிடித்த பெண்களின் ஊரில், திருப்புளி மட்டும் ஆண்களுக்குரியது என்பது எந்த நியாயம்? பிழைப்புக்காகச் சிறுமிகள் வேலை செய்வது அநீதி. அறிவுக்காக மாணவியர் வேலை கற்பது கல்வி. இவ்வேறுபாட்டைப் பெரியோர் உணர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக நிறுவினார். திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுவது குறித்த 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். நாசரேத்துத் தச்சரின் திருநாளைக் கொண்டாடும் நாம், ஒரு பலகை சில்லு பெயர்ந்ததும் குப்பைக்கு அனுப்பலாமா?

அன்புத் தோழியரே! அடுத்த முறை வீட்டில் ஒரு தட்டு ஆடினால், எறியும் முன் ஒருமுறை திருப்புளியை எடுத்துப் பாருங்கள். பெற்றோரே, அதை மகளின் கையிலும் கொடுங்கள். எங்கள் அலமாரி இன்றும் நூல்களோடு நிமிர்ந்து நிற்கிறது. அதன் ஓட்டைக்குள், கண்ணுக்குத் தெரியாமல், எரியாத தீக்குச்சிகள் நான்கைந்து அதைத் தாங்கி நிற்கின்றன!