தீவாந்தரம் போனவர்கள் யார்?

லண்டன் தெருக்களைக் கூட்டிக்கொண்டும் போவோர் வருவோரிடம் கையேந்திக்கொண்டும் திரிந்தவள் மேரி வேட். இன்னொரு சிறுமி உடுத்தியிருந்த கவுனைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோன குற்றத்துக்காக 1789-ல் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அப்போது அவளும் சிறுமிதான். பிறகு கருணை காட்டித் தண்டனையைக் குறைத்தார்கள். அந்தக் கருணையின் பெயர் ஆஸ்திரேலியா!

1788 முதல் 1868 வரை இப்படித் தீவாந்தரத் தண்டனை பெற்று, கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். பெரும்பாலோர் திருட்டு வழக்கில் சிக்கியவர்கள். ‘தொழில்முறைக் குற்றவாளிகள்’ என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் வெகுகாலம் எழுதினார்கள். அதை உடைத்தவை கப்பல் பதிவேடுகள். ஒவ்வொருவரின் சொந்த ஊர், தொழில், எழுத்தறிவு எல்லாம் அவற்றில் இருந்தன. பொருளாதார வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிக்கோலஸ் குழுவினர் சுமார் 20,000 பேரின் விவரங்களை அலசி 1988-ல் நூலாக வெளியிட்டனர். பண்ணையாட்கள், வீட்டு வேலைக்காரிகள், தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள் என்று சாதாரண உழைப்பாளிகளே அதில் நிறைந்திருந்தார்கள். நான்கில் மூவருக்குப் படிக்கவாவது தெரியும்.

இங்கிலாந்தின் டால்பட்டில் என்ற கிராமத்துப் பண்ணையாட்கள் ஆறு பேர் திருடக்கூட இல்லை. வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7-க்கு இறங்கியது. 6 ஆகும் என்ற மிரட்டல் வேறு. சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அன்று குற்றமல்ல என்பதால், ரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று வழக்குப் போட்டு, 1834-ல் ஏழாண்டுத் தீவாந்தரம் கொடுத்தார்கள்.

நம்மவர்கள் கதை?

1825 ஏப்ரலில் மதராஸ் கைதிகள் 80 பேர் சுமத்ரா தீவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கினார்கள். பின்னாலும் பலர் வந்தார்கள். இந்தியக் கைதிகள் அங்கே சாலை போட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து அவர்கள் பூசிய சுவர் அது. அவர்களில் கொலைகாரர்களும் வழிப்பறிக்காரர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பஞ்சத்தில் திருடியவர் எத்தனை பேர், எந்த ஊர், என்ன தொழில்? தமிழ் வாசகருக்கு இதை அதிகம் பேர் சொன்னதில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன், 1802-ல் பினாங்குக்கு அனுப்பப்பட்ட துரைசாமியை நினைவில் வைத்திருக்கிறோம். பாளையக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் அவருக்குப் பெயர் மிஞ்சியது, கூலிக்காரனுக்கு மிஞ்சவில்லை.

ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மதராஸ் மாகாணத்தின் நீதித்துறைக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தீவாந்தரம் போனவர்களின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை அவற்றிலிருந்து திரட்டி வெளியிடும் வேலையைத் தமிழக அரசு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.