எழுதாமல் விட்ட வரி

விசாரணையை வீடியோ எடுத்தால் சந்தேக நபர் வாயே திறக்க மாட்டார். அனுபவமுள்ள அதிகாரி எழுதிக்கொள்வதே போதும். அரக்கோணம் கோர்ட் வாசல் முதல் டிவி விவாதம் வரை ஓடும் வாதம் இது.

ஒன்று, எழுதியது போதுமா? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனுக்கு மரண தண்டனை விழ முக்கிய ஆதாரம், இரண்டு பேட்டரி வாங்கித் தந்ததாகச் சொன்ன தடா சட்ட வாக்குமூலம். அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். அதை எழுதாமல் விட்டதாக, பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013-ல் ஒப்புக்கொண்டார். உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது 2022 மே மாதம். இத்தனைக்கும் தடாவின் 15-வது பிரிவு ஒலிநாடாவில் பதியவும் இடம் தந்தது. யார் தடுத்தார்கள்?

இரண்டு, வாய் திறக்க மாட்டாராம். இங்கிலாந்தில் 1984 சட்டத்துக்குப் பிறகு போலீஸ் விசாரணைகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. அங்கே எல்லோரும் ஊமையாகிவிட்டார்களா?

மூன்று, கேமரா மாட்டினாலே தீர்ந்தது என்போருக்கும் ஒரு வார்த்தை. சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. 2020-ல் காவலில் இருந்த தந்தையும் மகனும் இறந்த பின் நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தால், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராக்கள் ஒலியையும் பதிய வேண்டும், 18 மாதம் சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.