வெள்ளிக் கடைக்குப் போகுமுன் ஓரத்தைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், வீட்டைக் காலி பண்ணும்போது தகரப் பெட்டியில் ஒரு வெள்ளி மெடல் கிடைச்சுது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல ஒரு ஆள். 1914, 1918னு போட்டிருக்கு. கடையில் கொடுத்தா என்ன தருவாங்க?"

"கொடுக்காதேப்பா. முதலில் அதன் ஓரத்தைப் பார்" என்றேன்.

அதே மெடல் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் தாத்தாவின் அண்ணன் முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போனவர். திரும்பவில்லை. மெடல்தான் வந்தது. 1982இல் தங்கை கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. உடைந்த கொலுசு, குங்குமச் சிமிழோடு அதுவும் எடைக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அப்போது நான் வரலாற்று ஆசிரியர். முதல் உலகப் போருக்கான காரணங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவன். கையிலிருந்த மெடலின் ஓரத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த ஓரத்தில்தான் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில், மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும்தான். இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. நம் கிராமங்களில் இருக்கும் பழைய போர்க் கல்வெட்டுகளையும் பாருங்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்றிருக்கும். யார் யார் என்று இருக்காது.

கல் பெயரை விட்டுவிட்டது. மெடல் விடவில்லை. அதைத்தான் நாம் உருக்கிவிடுகிறோம். 1979-80இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியபோது பிரிட்டனிலேயே இப்படி எத்தனையோ மெடல்கள் உருகிப் போயின.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவன் மெடல் நமக்கெதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் போரைப் போற்றச் சொல்லவில்லை. சம்பளத்துக்காகக் கப்பலேறிய நம் தெருப் பையனுக்கு ஒரு பெயர் இருந்தது. அது நமக்குத் தெரிய வேண்டாமா?

மெடல் சேகரிப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சேகரிப்பது தவறே இல்லை. பல மெடல்கள் உங்களால்தான் பிழைத்தன. ஆனால் ஒரே ஆளின் வெள்ளி மெடலையும் வெண்கல மெடலையும் பிரித்து விற்காதீர்கள். வாங்கும்போது அந்த வீட்டுக் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். கதையை விட்டுவிட்டால் உங்கள் அலமாரியில் இருப்பது வெறும் உலோகம்.

வீட்டில் மெடல் இருப்பவர்களுக்கு: விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் ஓரத்தைச் சுற்றிலும் போட்டோ எடுங்கள். எண்ணையும் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். போரில் இறந்தவராக இருந்தால், மேலே சொன்ன ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும்.

நானும் தேடிப் பார்த்தேன். எதை வைத்துத் தேடுவது? வீட்டில் அவர் எப்போதும் 'பட்டாளத்துத் தாத்தா'தான். பட்டாளத்தில் என்ன பெயர் பதிந்தார் என்று தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அது தெரிந்த ஒரே பொருளை நான் எடைக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மாணவர் போட்டோ அனுப்பினார். எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் தெளிவாக இருக்கிறது. மெடல் கடைக்குப் போகவில்லை. அத்தையிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். இன்றைக்கே பாருங்கள். எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.