பசளைத் தடை: இலங்கை விவசாய விரிவாக்கத்தின் ஒருவழிப் பேச்சு

இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு 2021 மே மாதம் விதிக்கப்பட்ட தடை, ஏழு மாதங்கள் நிறைவதற்கு முன்பாகவே, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தத் தடையின் பொருளாதார, அரசியல் விளைவுகள் குறித்து நிறையவே பேசப்பட்டுவிட்டது. ஆனால், அதை நியாயப்படுத்தி விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு யார் தலையில் விழுந்ததோ, அந்த விவசாயப் போதனாசிரியர்களின் நிலை குறித்துப் பேசப்பட்டது குறைவு.

2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ, சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று கூறியிருந்தார். வர்த்தமானி அறிவித்தலோ ஒரே இரவில் அதைச் செய்தது. யூரியாவை எப்போது, எவ்வளவு இட வேண்டும் என்று அதுவரை ஆலோசனை கூறிவந்த அலுவலர்கள், மறு போகத்தில் அதே வயல் வரப்பில் நின்று கூட்டெரு போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சொல்ல வேண்டிய செய்தியிலேயே சிக்கல் இருந்தது. நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 90 கிலோ யூரியா இடுவது வழக்கம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக, பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 41 கிலோ. கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரைதான். ஒரு சதவீதம் என்று கொண்டால், அதே அளவை ஈடுசெய்ய ஏக்கருக்கு நான்கு தொன்களுக்கு மேல் தேவை. அதுவும் முழுவதுமாக ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது, மெல்லத்தான் வெளிப்படும். நெற்பயிரோ மட்டம் வெடிக்கும் பருவத்திலும் குடலைப் பருவத்திலும் நைட்ரஜனை எதிர்பார்த்து நிற்கும். இந்தக் கணக்கைப் போதனாசிரியர் அறிவார். விவசாயியும், சதவீதமாக அல்லாவிட்டாலும், அனுபவத்தில் அறிவார். இருவரும் அறிந்த ஒன்றை ஒருவர் மறைத்துப் பேச வேண்டியிருந்த இடத்தில் எவ்வளவு சிறந்த பேச்சாற்றலும் உதவியிருக்க முடியாது.

விவசாயிகள் மாற்றத்தையே எதிர்த்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. 2021 ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் நடத்திய கருத்துக் கணிப்பில் 64 சதவீதத்தினர் இரசாயனப் பசளையைக் கைவிடும் நோக்கத்தை ஆதரித்தனர். அவ்வாறு ஆதரித்தவர்களில் 78 சதவீதத்தினர் அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்டனர். மாறுவதற்குப் போதிய அறிவு தம்மிடம் உண்டு என்றவர்கள் 20 சதவீதத்தினர் மட்டுமே. அரசுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைத்திருக்க முடியாது. ஆனால் இந்தப் பதில் தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றின் வழியாக வந்ததே தவிர, கிராமந்தோறும் அலுவலர்களை வைத்திருந்த அரசின் சொந்த விரிவாக்கச் சேவையின் குரலாக வெளியே கேட்கவில்லை.

அந்தச் சேவை முன்னரே மெலிந்திருந்தது. 1970களின் இறுதியில் உலக வங்கியின் ஊக்கத்துடன் இலங்கையில் புகுந்த பயிற்சி மற்றும் விஜய முறை, குறித்த நாளில் குறித்த விவசாயியைச் சந்திக்கும் கிராம மட்ட ஊழியர்களை உருவாக்கியது. 1980களின் இறுதியில் அவர்களில் சுமார் 2,400 பேர் கிராம உத்தியோகத்தர்களாக நியமிக்கப்பட்டு நிர்வாகப் பணிக்குச் சென்றுவிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி விரிவாக்கப் பணி மத்திக்கும் மாகாணங்களுக்கும் இடையே பிரிந்தது. ஆராய்ச்சி ஒரு நிர்வாகத்தில், களப்பணி இன்னொன்றில், கமநல சேவை நிலையம் வேறொரு திணைக்களத்தில். பயிரில் நோய் கண்ட விவசாயி முதலில் விவசாய மருந்துக் கடைக்குச் செல்லும் வழக்கம் வேரூன்றியதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

விவசாயிகள் புதிய முறைகளை எப்படி ஏற்கிறார்கள் என்பது புதிதாகக் கண்டறிய வேண்டிய விடயமும் அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவிய விதம் பற்றி பிரைஸ் ரையன், நீல் கிராஸ் ஆகியோரின் ஆய்வு 1943இல் வெளியானது. புதிய விதை பற்றி முதலில் அறியத் தந்தவர்கள் விற்பனையாளர்கள். நம்ப வைத்தவர்கள் அயலவர்கள். பலரும் முதலில் சிறு துண்டு நிலத்தில் பயிரிட்டுப் பார்த்து, பல ஆண்டுகள் கழித்தே முழு நிலத்தையும் மாற்றினர். விரிவாக்கக் கல்வியின் அடிப்படைப் பாடமாகிவிட்ட இந்த ஆய்வைச் செய்த ரையன்தான், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியராகப் பணியாற்றியவர் என்பது ஒரு விந்தை.

அப்படிச் சிறு துண்டில் தொடங்கியிருக்கக்கூடிய அனுபவம் நாட்டிலேயே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் பூவரசு முதலான மரங்களின் குழையை மண்ணில் தாழ்த்துவது பழைய வழக்கம். போர்க் காலத்தில் யூரியா வடக்கே செல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், பசளை இல்லாமல் எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது என்பதை அங்குள்ள விவசாயிகள் பட்டே அறிந்திருந்தனர். தடைக்கு முன் அவர்களிடம் கேட்டிருந்தால், தோட்டத்துக்குப் பொருந்துவது பரந்த வயலுக்குப் பொருந்தாது என்ற பதிலாவது கிடைத்திருக்கும். கிளிநொச்சியிலோ அநுராதபுரத்திலோ பல ஏக்கர் நெல் விதைப்பவர் குழைக்கு எங்கே போவார்?

கேட்பதற்கு மாறாக, எதிர்க்குரல்கள் ஓரங்கட்டப்பட்டன. முடிவை வெளிப்படையாக விமர்சித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சு சார்ந்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். நாடறிந்த பயிர் விஞ்ஞானிக்கே இதுதான் நிலை என்றால், தன் பிரிவில் பயிர் மஞ்சளிக்கிறது என்று மேலதிகாரிக்கு எழுத ஒரு போதனாசிரியர் தயங்கியதில் வியப்பில்லை. அக்டோபரில் விவசாயிகள் வீதிக்கு வந்து அமைச்சரின் உருவபொம்மையை எரித்தபோது அந்தத் தகவல் கொழும்பை எட்டியது. அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது.

2022 ஏப்ரலில் ஜனாதிபதி அந்த முடிவு தவறானது என்று ஒப்புக்கொண்டார். ஜூலையில் இந்தியக் கடனுதவியில் 44,000 தொன் யூரியா வந்தது. அதை இடும் அளவையும் காலத்தையும் விளக்க வயலுக்குச் சென்றவர்கள், ஓராண்டுக்கு முன் கூட்டெரு போதும் என்று சொன்ன அதே அலுவலர்கள்தான். விரிவாக்க அலுவலர்களுக்கான பயிற்சிகள் எப்படிப் பேசுவது, எந்தச் சாதனத்தைப் பயன்படுத்துவது என்பவற்றில் கவனம் செலுத்துகின்றன. வயலில் கேட்டதை மேலிடத்துக்கு எழுதும் அலுவலருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி, பயிற்சிக் கையேட்டில் அல்ல, திணைக்களங்களின் நிர்வாக விதிகளில் தீர்க்கப்பட வேண்டியது.