மறைக்கல்வியில் கூலிக்கும் இடம் வேண்டும்

அன்பான பங்கு மக்களுக்கு,



ஜெர்மனியில் மைன்ஸ் நகருக்குப் பக்கத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். என் மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் கணக்கு, அறிவியல் போல மதக்கல்வியும் ஒரு பாடம். அரசியல் சாசனத்திலேயே அதற்கு இடமுண்டு. சில நாட்களுக்கு முன் கத்தோலிக்க வகுப்புக்காக அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘சட்டப்படியான கூலியெல்லாம் நியாயமான கூலியா?’ அதை வாசித்ததும் நம் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புதான் நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளைகளுக்குச் செபங்கள் மனப்பாடம். பத்துக் கட்டளைகளையும் ஏழு திருவருட்சாதனங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இரவுப் பணியில் என்னைத் தாங்குவது நம் ஊரில் கற்ற அந்தச் செபங்கள்தான். ஆனால் உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ‘ரேரும் நோவாரும்’ தெரியும்? 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களுக்காக எழுதிய சுற்றுமடல் அது. இன்றைய திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதற்கே அதை ஒரு காரணமாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால், அது சம்மதமல்ல, அநீதிக்கு அவன் பலியானதுதான் என்கிறது அந்த மடல். கடனுக்குப் பயந்து, வியாபாரி சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்த நம் கரைக்கு இதை விளக்கவா வேண்டும்?

இதெல்லாம் அரசியல், கோயிலுக்குள் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலைத் திறந்து பாருங்கள். விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில், ஆபேலின் இரத்தத்தோடு சேர்த்துக் கூலியாளுக்கு இழைக்கும் அநீதியையும் சொல்லியிருக்கிறது. பங்குகளின் மறைக்கல்வியில் சமூகப் போதனையைச் சேருங்கள் என்று திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961லேயே ஒரு சுற்றுமடலில் எழுதிவிட்டார். பார், சீர்தூக்கு, செயல்படு என்று கற்பிக்கும் வழியையும் அதே மடலில் காட்டினார்.

கோயிலுக்குள் இதைப் பேசுவது புதிதும் அல்ல. இந்த மைன்ஸ் பேராலயத்தில்தான் 1848 திருவருகைக் காலத்தில் கெட்டலர் என்ற குரு சொத்தையும் வறுமையையும் பற்றி மறையுரை ஆற்றினார். பிறகு இங்கேயே ஆயரானார். 1869இல் ஓஃபன்பாக் அருகே திறந்தவெளியில் தொழிலாளர்கள் நடுவே நின்று கூலி உயர்வையும் ஞாயிறு ஓய்வையும் குழந்தைத் தொழிலாளர் முறையையும் பற்றிப் பேசினார். லியோவின் மடலுக்கு வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர்.

நமக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. குமரிக் கடற்கரையில் பெல்ஜியத்துக் குரு ஒருவரின் முயற்சியில் மீனவர் சங்கங்கள் எழுந்தன. கரையில் மீனைச் சங்கமே ஏலம் விட்டது. முன்பணம் கொடுத்த வியாபாரியின் பிடி தளர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஒரு ஞாயிறு வகுப்புக்கு அழைத்துப் பேசவிடுங்கள். புத்தகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வள்ளத்தில் பங்கு பிரிக்கும்போது எஞ்சினுக்கும் வலைக்கும் போக உழைத்தவனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? மீன் சுமக்கும் அம்மாமார் என்ன வட்டிக்கு வாங்குகிறார்கள்? கல்லறையில்கூடச் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் பங்குகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்லப் போகிறோம்? ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து நம் விசைப்படகுகளில் வேலை செய்யும் பையன்கள் கரையில் எங்கே தூங்குகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள்? இங்கே நான் அந்நியப் பெண். ஒப்பந்தமும் மருத்துவக் காப்பீடும் இருப்பதால்தான் தலைநிமிர்ந்து நடக்கிறேன். அந்தப் பையன்களுக்கு அவை இல்லாதது என்னை உறுத்துகிறது.

கோபுரத்துக்கும் தேருக்கும் வெளிநாட்டிலிருக்கும் எங்களிடம் நன்கொடை கேட்கிறீர்கள், மனதாரக் கொடுக்கிறோம். இந்த ஆண்டு என் பணத்தை மறைக்கல்வி ஆசிரியர்களின் பயிற்சிக்குச் செலவிடுங்கள். சம்பளமில்லாமல் ஞாயிறுதோறும் வரும் அந்தப் பெண்களுக்கு நாம் செய்தது மிகக் குறைவு.

ஜூனில் வகுப்பு தொடங்கும்போது பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு இதற்கு ஒதுக்குங்கள். முதல் பாடம் நம் கோயில்பிள்ளையின் சம்பளமாக இருக்கட்டும். விடியலில் மணியடித்து, கோயில் கூட்டி, குழிவெட்டும் ஆளுக்கும் அலையும் அவருக்கு வீட்டுச் செலவு எவ்வளவு, நாம் கொடுப்பது எவ்வளவு என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். அந்தத் தாளைப் பங்குப் பேரவையில் வாசிக்கட்டும். பேரவை அவர்களுக்கு எழுத்தில் பதில் தரட்டும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
மைன்ஸ்