நிறுத்தித் தொடங்குவதுதான் மருந்தா?

கணிப்பொறியில் எந்தக் கோளாறு நேர்ந்தாலும் "ஒருமுறை நிறுத்திவிட்டுத் தொடங்கிப் பாருங்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. காய்ச்சலா, வயிற்றுவலியா என்று கேளாமல் வருகிறவர்க்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா? ஆனால் பெரிய தரவுத்தளங்களைக் காக்கும் பொறுப்பில் உள்ளோரும் இந்த வைத்தியத்தைத்தான் முதலில் செய்கின்றனர். இப்பழக்கம் நம் ஆய்வுக்கூடங்களிலேயே தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆரக்கிள் தரவுத்தளத்தின் லிஸனரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

பல கணிப்பொறிகள் கூடி ஒரே தரவுத்தளத்தை இயக்கும் கிளஸ்டர் ஏற்பாட்டை, ஆரக்கிள் நிறுவனம் 2001-இல் 9ஐ பதிப்போடு ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ் என்ற பெயரில் அளித்தது. ஒரு கணிப்பொறி படுத்துவிட்டாலும் மற்றது வேலையைத் தொடரும். ஒவ்வொரு கணிப்பொறியிலும் இயங்கும் தரவுத்தள நிரல் தொகுதிக்கு இன்ஸ்டன்ஸ் என்று பெயர். அதன் வாசலில், வழக்கமாக 1521 என்ற போர்ட்டில், வருவோரை எதிர்பார்த்திருப்பதே லிஸனர்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் 'விசாரணை' மேசையை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் வந்ததும் அம்மேசையில் தம் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். மேசையிலே ஆளே இல்லையென்றால் அது ஒரு குறை. ஆரக்கிள் அதனை 12541 என்ற பிழை எண்ணால் சொல்கிறது. மேசையில் ஆள் இருந்தும் "அப்படியொரு மருத்துவர் இங்கில்லையே" என்று பதில் வந்தால் அது வேறொரு குறை. அதன் எண் 12514. மருத்துவர் உள்ளே அமர்ந்திருக்கலாம். பதிவு மட்டும் நடந்திராது. மருத்துவமனையின் முகவரியே தெரியாமல் வீட்டிலேயே விழிப்பவர்க்கு 12154. இம்மூன்றாவது பிழை வந்தால் சர்வரைத் தொடவே வேண்டாம். பயனாளரின் கணிப்பொறியில் உள்ள அமைப்புக் கோப்பைப் பார்த்தால் போதும்.

இப்போது 12514 வந்த இடத்தில் லிஸனரை நிறுத்தித் தொடங்கினால் என்ன ஆகும்? அதனிடம் முன்பு பதிந்திருந்த பெயர்களும் போய்விடும். இன்ஸ்டன்ஸ் மறுபடி பதிவு செய்ய ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதுவரை ஒருவருக்கு வந்த பிழை புதிதாக வருகிற எல்லாருக்கும் வரும்! இன்ஸ்டன்ஸையே நிறுத்துவது அதனினும் கொடுமை. லிஸனர் நின்றாலும் ஏற்கெனவே இணைந்தோரின் வேலை நடந்துகொண்டிருக்கும். இன்ஸ்டன்ஸ் நின்றால் அதனோடு இணைந்திருந்தோரின் முடியாத வேலைகளெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உடனே பதிவு செய்யும்படி இன்ஸ்டன்ஸுக்கு ஆணையிட ஒற்றை வரிக் கட்டளை இருக்க, இத்தனை அழிவு எதற்கு?

கிளஸ்டரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 2009-இல் வந்த 11ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து, கிளஸ்டர் முழுவதற்கும் ஸ்கேன் என்ற ஒரு பொதுப்பெயர் உண்டு; அது மூன்று ஐ.பி. முகவரிகளைக் குறிப்பது முறை. வருகிறவர் முதலில் ஸ்கேன் லிஸனரிடம் செல்கிறார். எந்த இன்ஸ்டன்ஸுக்குச் சுமை குறைவு என்று அது பார்த்து, அக்கணிப்பொறியின் சொந்த லிஸனருக்கு அவரை அனுப்புகிறது. தலைவாசல் விசாரணையில் கேட்டு, இரண்டாம் கட்டடத்து விசாரணைக்குப் போவது போலத்தான். தலைவாசல் திறந்திருந்து இரண்டாம் கட்டடத்து வழி மட்டும் பூட்டியிருந்தால்? முதல் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டவர் உள்ளே போய்விடுவார், அடுத்தவர் நிற்பார். ஃபயர்வாலில் ஸ்கேன் முகவரிகளைத் திறந்துவிட்டுக் கணிப்பொறிகளின் தனி முகவரிகளை மறந்துவிட்டால் இதுதான் நடக்கும். தனி முகவரியின் பெயர் பயனாளரின் கணிப்பொறிக்குத் தெரியாவிட்டால் 12545 வரும்; பெயர் தெரிந்தும் வழி அடைபட்டிருந்தால் காத்திருந்து காத்திருந்து 12170 வரும். காலையில் வந்த கோளாறு மதியம் காணாமற்போகும். இடையில் யாரேனும் எதையேனும் நிறுத்தித் தொடங்கியிருந்தால், அதனால்தான் சரியாயிற்று என்று பெயர் வாங்கிக்கொள்வார். மறுநாள் அதே கோளாறு திரும்ப வரும். அவரும் திரும்ப வருவார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிளஸ்டரில் லிஸனர் இயங்குவது கிரிட் மென்பொருளின் இருப்பிடத்திலிருந்து. தரவுத்தள மென்பொருளின் இருப்பிடத்திலும் அதே பெயரில் ஓர் அமைப்புக் கோப்பு இருக்கக்கூடும். அதைத் திருத்தித் திருத்தி, ஒரு மாற்றமும் இல்லையே என்று தலையில் கைவைத்து உட்காருவோர் உண்டு. எந்தக் கோப்பைத் தான் படித்திருக்கிறது என்பதை லிஸனரின் ஸ்டேட்டஸ் கட்டளையே அச்சிட்டுக் காட்டுகிறது. அதில் ரெடி என்றிருந்தால் இன்ஸ்டன்ஸ் தானே வந்து பதிந்திருக்கிறது என்று பொருள். அன்னோன் என்றிருந்தால் கோப்பில் யாரோ கையால் எழுதிவைத்த பெயர். உள்ளே உயிர் இருக்கிறதா என்பது லிஸனருக்கே தெரியாது. படிக்கும் பொறுமைதான் வேண்டும்.

நம் செய்முறைத் தேர்வில் என்ன நடக்கிறது? அட்டவணை உருவாக்கு, வரிசைப்படுத்து என்ற வினாக்கள்; மனப்பாடமாக விடைகள். கணிப்பொறி எப்போதும் நலமாகவே இருக்கும் என்ற நினைப்போடு மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார். கிளஸ்டர் அமைக்க நம்மிடம் வசதி ஏது என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமே. ஆனால் ஆரக்கிளின் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் இன்ஸ்டன்ஸ் லிஸனரிடம் பதிவு செய்துதான் ஆக வேண்டும். தேர்வுக்கு முன் ஆசிரியர் லிஸனரின் போர்ட்டை 1522 என்று மாற்றிவிட்டு, லோக்கல் லிஸனர் அமைப்பை மட்டும் தொடாமல் விட்டுவிடட்டும். பழைய போர்ட்டுக்குப் போகும் மாணவருக்கு 12541 வரும். புதியதற்குப் போனால் 12514. ஏன் இரண்டு எண்கள் என்று மாணவர் தாளில் எழுதட்டும். சரிசெய்ததற்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள். காரணம் எழுதியதற்குப் பத்து. காரணம் எழுதாமல் நிறுத்தித் தொடங்கியவருக்கு, கணிப்பொறி ஓடினாலும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.